விடுமுறை முகாமிற் பிள்ளைகளின் மனநலம்

பிள்ளைகளை ஓரிரவேனும் வீட்டினின்றும் பிரித்து வேற்றிடத்திலே வைத்துப் பாதுகாக்க ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர், அந்நாள்வரை தாய் தந்தையர் செய்துவந்த கருமம் முழுவதையும் ஏற்றவராவர். உணவு, நீர், படுக்கை, மருந்துப் பெட்டி, வாகனம் என்பவற்றைக் குறித்து நாம் பலநாள் முன்னரே கூடிப் பேசுகின்றோம்; கணக்கும் எழுதுகின்றோம். பிள்ளையினுடைய மனத்தைக் குறித்தோ, புறப்படும் நாள்வரையும் ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. விளக்கணைத்த பின்பு ஒரு மூலையிலிருந்து விசும்பல் கேட்கும்போதுதான் அதனை நினைக்கின்றோம். அப்போது யாது செய்வதென்று அறியாமல் சிலர் அதட்டுகின்றோம். சிலர் பொய் சொல்லித் தேற்றுகின்றோம். இரண்டும் பிழை. யாம் அவ்விரண்டு பிழையும் செய்தோம். அதனாலேயே இப்பாடத்தை எழுதத் துணிந்தோம்.

1. எமது அநுபவம்

எமது பத்தாம் வயதில், பாதிரிமார் நிறுவிய ஒரு கல்லூரியின் விடுதியில் எம்மைச் சேர்த்தனர். கல்வியும் ஒழுங்கும் அங்கே நன்றாகவே இருந்தன. அவற்றால் யாம் பெற்ற பயனை மறுப்பது நன்றிகொன்ற செயலாகும். ஆயினும் அங்கே கழிந்த முதலிரவு எமக்கு இன்றும் மறக்கவில்லை. மணி அடித்தது, விளக்கு அணைந்தது. தலையணையின் மணம் வேறு. கூரையின் ஓசை வேறு. யாம் வாய்விட்டு அழுதோம். விடுதிப் பொறுப்பாளர் வந்து, “ஆண்பிள்ளை அழுவதுண்டோ?” என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்களிற் கிடந்தோர் சிரித்தனர். அன்றிரவே யாம் அழுகையை நிறுத்திவிட்டோம். ஏக்கம் நிற்கவில்லை, அதனை மறைக்குந் திறமையை மாத்திரம் கற்றுக்கொண்டோம். காலையில் உணவு இறங்காது. மாலையில் வயிறு நோகும். கஷாயம் தந்தனர். காரணத்தை ஒருவரும் கேட்டிலர்.

பிற்காலத்தில் யாம் ஆசிரியராகிய பின்பு, ஓர் ஓகஸ்ட் விடுமுறையிலே, கடற்கரையை அடுத்த ஒரு பாடசாலையில் மூன்று நாள் முகாம் நடத்தினோம். ஆறாம் வகுப்புப் பிள்ளையொருவன் முதனாள் மாலை வயிற்றுநோவென்றான். மல்லித்தண்ணீர் கொடுத்தோம். இரவு அழுதான். “இவ்வளவு பெரிய பிள்ளை அழலாமா? மற்றவர்கள் பார்க்கிறார்கள்” என்றோம். அடங்காமை கண்டு, “நாளைக்கு அப்பாவை வரச் சொல்லுகிறேன், இப்போது படு” என்றோம். அவன் படுத்தான். யாம் வென்றோமென்று எண்ணி உறங்கினோம். மறுநாள் அவன் விளையாட்டிலே நன்றாக ஓடினான். ஆகவே தந்தைக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை. சொன்ன வார்த்தையை யாம் மறந்தேபோனோம்.

மூன்றாம் நாள் விடியற்காலை எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைந்தது. அந்த அரைமணி நேரத்தில் எமக்கு உண்டாகிய நடுக்கத்தை எழுத வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பொறுப்பேற்றவர் எவரும் அறிவர். ஒருபுறம் கடல், மறுபுறம் லொறி ஓடுந் தெரு. இரண்டு கட்டை தூரத்திலே, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுநோக்கி நடந்த பிள்ளையை, மீன் விற்கச் சென்ற ஒருவர் கண்டு விசாரித்துச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாம் கோபித்துக் கேட்டோம். அவன், “சேர், அப்பா வருவார் என்று சொன்னீர்கள். வரவில்லை. அதுதான் நானே போனேன்” என்றான். அவன் சொல்லிய அவ்வார்த்தைகளில் ஒரு பிழையுமில்லை. எம்மைப் பண்டு அதட்டியவருடைய குரலே எம் வாயினின்றும் வந்தது என்பதையும், அதன்மேற் பொய்யும் சேர்த்தோம் என்பதையும் அன்றைக்கே உணர்ந்தோம்.

2. முகாம் என்னும் வழக்கம்

பிள்ளைகளை வீட்டினின்றும் பிரித்து முகாமிலே வைத்தலை நெடுங்காலம் பயின்றவரும், அதனாற் பிள்ளைகளின் மனத்தில் நிகழ்வனவற்றை முறையாக ஆராய்ந்தவரும் அமெரிக்கர். ஆதலின் அவர்களிடத்தே கற்கத்தக்கவற்றை முதலிற் கூறுவோம்.

1861 ஆம் ஆண்டு, அந்நாட்டு உள்நாட்டு யுத்தம் தொடங்கிய காலத்தில், கனெற்றிக்கட் மாநிலத்திலே பாடசாலை நடத்திய பிரெடெரிக் வில்லியம் கன் என்னும் ஆசிரியர், போர்வீரரைப்போற் கூடாரத்தில் வாழ விரும்பிய தம் மாணாக்கரைக் கடற்கரைக்கு நடத்திச் சென்று தங்கவைத்தார். இம்முகாம் அங்கே முந்தியவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. 1881 இல் ஏர்ணெஸ்ற் போல்ச் என்பவர், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையைச் சோம்பலிற் கழிப்பது கண்டு, நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஸ்குவாம் ஏரியிலுள்ள ஒரு தீவிலே முகாம் அமைத்து, சமைத்தல், கழுவுதல் முதலிய வேலைகளை அவர்களைக்கொண்டே செய்வித்தார். 1885 இல் சம்னர் டட்லி என்பவர் ஏழு சிறுவரோடு தொடங்கிய முகாம், அவர் பெயராலே இன்றும் நடைபெற்று வருகின்றது. இங்ஙனம் ஆசிரியரும் தொண்டரும் தொடங்கிய வழக்கம் இப்போது அந்நாடெங்கும் பரவியுள்ளது. கோடை விடுமுறையிலே பிள்ளைகள் ஒரு வாரமுதல் ஏழெட்டு வாரம்வரை ஏரிக்கரைகளிலும் காடுகளிலும் மரவீடுகளில் வசிக்கின்றனர். அவர்களோடு உறங்கி அவர்களைக் காப்போர் பெரும்பாலும் கல்லூரி மாணாக்கராகிய இளைஞரே.

நமது நாட்டிலே இதற்கு மிக அணித்தாயது சாரணர் பாசறை. பேடன் பவல் பிறவுண்சித் தீவிற் சிறுவரைக் கூட்டிப் பாசறையமைத்துப் பரீட்சித்தது 1907 ஆம் ஆண்டு; ஐந்தாண்டின் பின் 1912 இல் மாத்தளையிலே அவ்வியக்கம் இலங்கையில் வேரூன்றியது. அதன்பின் பாடசாலைகளும் சங்கங்களும் நடத்தும் விடுமுறை முகாம்களும் தோன்றின. அமெரிக்க முகாமுக்கும் நமது மூன்று நாள் முகாமுக்கும் காலத்திலும் செலவிலும் வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும் வீட்டைப் பிரிந்த பிள்ளைக்கு முதலிரவு எங்கும் ஒரு தன்மையதே.

3. வீட்டேக்கம் என்பது யாது?

வீட்டையும் வீட்டாரையும் நினைத்து வருந்தும் வருத்தத்தை இங்கே வீட்டேக்கம் என்று கூறுவோம். இதனை ஒரு நோயாக முதன்முதல் மருத்துவ நூலில் எழுதியவர் யோகான்னஸ் ஹோபர் என்பவர். இவர் 1688 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்திலுள்ள பாசல் நகரத்திற் சமர்ப்பித்த ஆய்விலே, ‘வீடு திரும்பல்’, ‘நோவு’ என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதற்குப் பெயரிட்டார். அவர் எடுத்துக்காட்டிய நோயாளருள் ஒருவன், பேர்ண் நகரத்தினின்றும் பாசலுக்குப் படிக்க வந்த மாணாக்கன். மெலிந்து சாகக் கிடந்த அவனை ஊருக்குக் கொண்டுபோகப் புறப்பட்ட அளவிலேயே, வழியிலேயே அவன் தேறத் தொடங்கினான் என்று ஹோபர் எழுதுகின்றார்.

இக்காலத்து அறிஞர் இதனை நோயென்று கொள்வதில்லை. அன்புடையாரைப் பிரிந்த மனத்துக்கு இயல்பாக உண்டாகும் துயரமும் அச்சமும் கலந்த ஒரு நிலை என்றே கொள்கின்றனர். அமெரிக்க உளநூலாராகிய கிறிஸ்தோபர் தேர்பர் 1995 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே கருதத்தக்கது. அவர் ஒரு கோடை முகாமில் 8 முதல் 16 வயதுவரையுள்ள 329 ஆண்பிள்ளைகளின் மனநிலையை நாடோறும் கேட்டறிந்தார். அவர்களுள் 83 வீதத்தினர் ஒருநாளாயினும் தமக்கு வீட்டேக்கம் உண்டாயிற்றென்றனர். விரும்பிச் சென்று, விளையாட்டும் நீந்தலுமாகப் பொழுதுபோக்கிய பிள்ளைகளுள் இத்துணைப் பேருக்கு அது வருமாயின், அழுகின்ற ஒரு பிள்ளையைக் கோழையென்பது எங்ஙனம் பொருந்தும்? அவன் அழுகின்றான், ஏனையோர் அழாமல் ஏங்குகின்றனர், இவ்வளவே வேறுபாடு. மிகப் பெரும்பாலோர்க்கு அது சிறிதாய் வந்து நீங்கும். மிகச் சிலர்க்கே உணவும் உறக்கமும் கெடும்படி கடுமையாகும். அச்சிலரை அறிந்து கொள்வது ஆசிரியரின் கடமை.

அறிதற்குரிய குறிகள் அழுகை மாத்திரமல்ல. காரணம் புலப்படாத வயிற்றுநோவு, தலையிடி, உணவில் வெறுப்பு, கூட்டத்தை விட்டொதுங்கல், சிறு காரியத்துக்குச் சினத்தல், ஆசிரியரை விட்டகலாமை, “இன்னும் எத்தனை நாள்?” என்று அடிக்கடி வினவல் என்பனவும் குறிகளாம். வளர்ந்த பிள்ளைகள், அவர்களுள்ளும் ஆண்பிள்ளைகள், இதனை மறைப்பர். நேரத்தையும் நோக்குக. ஓடியாடும்போது ஏக்கம் ஒளிந்திருக்கும். உணவு வேளையிலும், அந்தி மயங்கும்போதும், படுக்கையிலும் வெளிப்படும். எமது மாணாக்கன் பகலில் ஓடியதைக் கண்டு தேறினானென்று யாம் எண்ணியது இதனை அறியாமையாலேயே.

எவர்க்கு இது மிகும்? வயதில் இளையோர்க்கும், முன்பு வீட்டைப் பிரிந்து தங்கியறியாதோர்க்கும், தம் விருப்பமின்றி அனுப்பப்பட்டோர்க்கும், ‘என்னால் அங்கே இருக்க இயலாது’ என்று முன்னரே முடிவு செய்தோர்க்கும், முதனாளிலேயே இடத்தையும் மனிதரையும் வெறுத்தோர்க்கும் மிகும் என்பது ஆராய்ந்தோர் கண்ட முடிவு. இவற்றுட் பலவும் நாம் மாற்றக்கூடியனவாதலைக் கவனிக்க.

4. புறப்படுமுன் செய்யத்தக்கன

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், தேர்பரும் எட்வர்ட் வால்ற்றன் என்னும் வைத்தியரும் எழுதிய ஓர் அறிக்கையை 2007 இல் வெளியிட்டது. வீட்டேக்கம் வந்தபின் மாற்றுவதினும் வருமுன் தணிப்பதே எளிது என்பது அதன் சாரம். அதிற் கண்டவற்றையும் எம் அநுபவத்தையும் சேர்த்து, நமது நிலைக்கு ஏற்பச் சொல்லுகின்றோம்.

முதலாவது, முகாமுக்குப் போவதா என்பதைத் தீர்மானிக்கும்போது பிள்ளையையும் சேர்த்துப் பேசுக. எல்லாம் அதன் விருப்பப்படியே நடத்தல் வேண்டுமென்பதில்லை. எந்தப் பையைக் கொண்டு போவது, எந்த நண்பனுக்கு அருகிற் படுப்பது என்பனபோன்ற சிறு காரியங்களிலேனும் அதன் சொல் நடக்குமாயின், தான் அனுப்பப்படும் பொருளல்லன், போகின்ற ஆள் என்னும் எண்ணம் பிள்ளைக்கு உண்டாகும்.

இரண்டாவது, ஒத்திகை. முகாமுக்கு முந்திய மாதத்தில் ஓரிரவோ இரண்டிரவோ அம்மம்மா வீட்டிலாயினும் மாமி வீட்டிலாயினும் தாய் தந்தையரின்றித் தங்கச் செய்யும்படி பெற்றோருக்குச் சொல்லுக. திரும்பி வந்தபின், எது கடினமாக இருந்தது, அப்போது என்ன செய்தாய் என்று கேட்கச் சொல்லுக. தான் ஒருமுறை தாங்கினேன் என்னும் அறிவு பிள்ளைக்குப் பெருந்துணையாகும்.

மூன்றாவது, தெரியாமையை நீக்குக. எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் இடம், குளிக்கும் கிணறு, மலசலகூடம், இரவில் எழுப்புதற்குரிய ஆசிரியர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க. நாட்காட்டியிலே போகும் நாளையும் வரும் நாளையும் குறித்துக் காட்டுக. முடிவு தெரிந்த துன்பத்தைப் பிள்ளை பொறுக்கும்.

நான்காவது, ஏக்கம் வரும் என்று முன்னரே சொல்லுக. ‘வீட்டை நினைத்துக் கவலை வரலாம், அநேகருக்கு வரும், வந்தால் இன்னது செய்யலாம்’ என்று சொல்வதனால் அது மிகும் என்று அஞ்சுவோர் உளர். சொல்லாது விட்ட பிள்ளையே, அது வந்தபோது தனக்கு மாத்திரம் ஏதோ குறையென்று மருளும்.

ஐந்தாவது, பெற்றோரின் சொல். “நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?” என்று தாய் சொன்னால், தன் ஏக்கத்தோடு தாயின் ஏக்கத்தையும் பிள்ளை சுமந்து செல்லும். “பிடிக்காவிட்டால் உடனே வந்து கூட்டிப் போவேன்” என்று தந்தை சொன்னால், முதலிரவிலேயே பிள்ளையின் மனம் வாயிலை நோக்கியிருக்கும். அவ்வாக்கு நிறைவேறாவிடினோ நம்பிக்கை கெடும். இவ்விரண்டையும் தவிர்க்கும்படி பெற்றோர் கூட்டத்திலே விளக்குக. “உன்னால் இயலும், அங்கே சேர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் வாசலில் நிற்பேன்” என்பது போதும்.

இவ்விடத்தில் நம்மவர்க்குச் சிறப்பாக உரிய ஒன்றையும் கூறல் வேண்டும். 2004 ஆம் ஆண்டு மார்கழி மாதத்துக் கடற்கோளையும் 2009 இல் முடிந்த யுத்தத்தையும் இன்று ஆறாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளை கண்டதில்லை. கண்டவர் அதன் தாய் தந்தையர். பிள்ளையைப் பிரிந்து தேடி அலைந்தவரைக் கண்ட ஒருத்தி, தன் பிள்ளையை ஓரிரவு பிரிவதற்கு அஞ்சுவாளாயின், அவ்வச்சத்திற்கு வரலாறு உண்டு. அவளை ஏளனஞ் செய்யற்க. தாய் வெளிநாட்டில் வேலைசெய்ய அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகளும் நம் வகுப்புக்களில் உளர். அவர்கட்கு ‘அம்மாவுக்குக் கடிதம் எழுது’ என்பதே ஒரு குத்தாகலாம்; ‘வீட்டுக்கு எழுது’ என்றல் நன்று.

5. முகாமிற் செய்யத்தக்கன

முதனாள் முதலிரண்டு மணிநேரமே மிகப் பெரிது. பிள்ளை வந்தவுடன் பெயர் சொல்லி அழைத்து, அதன் படுக்கும் இடத்தைக் காட்டுக. தன் பாயும் பையும் இருக்கும் ஓரிடம் கிடைத்த பின்பே பிள்ளைக்கு மற்றவற்றிற் கண் செல்லும். பிள்ளைகளை எட்டுப் பேர் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திற்கும் மாறாத ஓர் ஆசிரியரை நியமிக்க. ‘எல்லாரும் எல்லாரையும் பார்ப்போம்’ என்னும் இடத்தில் ஒருவரும் ஒரு பிள்ளையையும் பாரார். தனித்து வந்த பிள்ளைக்குத் துணையாக, முன் ஆண்டு வந்த ஒரு பிள்ளையைச் சேர்த்துவிடுக.

இரவைக் குறித்துச் சிறிது விரித்துச் சொல்லுகின்றோம். முகாம் என்றவுடன் பாசறைத் தீயும் பேய்க்கதையும் நள்ளிரவுவரை விழித்தலும் இன்பமென்று எண்ணுகின்றோம். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 இல் வகுத்தபடி, 6 முதல் 12 வயதுவரையுள்ளோர்க்கு ஒருநாளில் 9 முதல் 12 மணிநேரமும், 13 முதல் 18 வயதுவரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணிநேரமும் உறக்கம் வேண்டும். உறக்கங் கெட்ட பிள்ளைக்கு மறுநாள் எல்லாத் துயரமும் இரட்டிக்கும். ஆதலின் உறங்குமுன் அரைமணி நேரத்தை அமைதியாக்குக. மெல்லிய பாட்டோ, கதையோ, வீட்டிற் செய்யும் வழிபாடோ அதில் இடம்பெறலாம். ஒரு சிறு விளக்கை அணையாது வைக்க. மலசலகூடத்துக்குச் செல்லும் வழியைப் பகலிலும் இருளிலும் ஒருமுறை நடத்திக் காட்டுக. இருளுக்கு அஞ்சிப் படுக்கையிற் கிடந்து நனைக்கும் பிள்ளைகள் உளர். நனைத்த பிள்ளையின் துணியை ஒருவரும் அறியாமல் மாற்றுவது ஆசிரியரின் கண்ணியம். அதனை ஒருமுறை பலர் நடுவே சொல்லிவிட்டால், அப்பிள்ளைக்கு முகாம் அன்றே முடிந்தது.

அழுகின்ற பிள்ளையிடம் எங்ஙனம் பேசுவது? அனர்த்த காலத்திலே துன்புற்றோர்க்கு முதலுதவி செய்வோருக்காக உலக சுகாதார நிறுவனமும் பிறரும் 2011 இல் ஒரு கைந்நூல் வெளியிட்டனர். பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்றே அதன் முறை. பேரிடருக்கென எழுதப்பட்டதாயினும் அவ்வரிசை இங்கும் பயன்படும். முன்பு பார்க்க: உடல்நோய் உண்டோ, யாரேனும் அடித்தனரோ, உண்டதோ என்று அறிக. பின்பு அருகில் அமர்ந்து கேட்க: “வீட்டை நினைக்கிறாயா?” என்று கேட்டு, பிள்ளை சொல்லும்வரை பொறுத்திருக்க. “ஓம், கவலையாகத்தான் இருக்கும், எனக்கும் உன் வயதில் இருந்தது” என்பது ஒரு வாக்கியம், எம்மிடம் அன்று ஒருவர் அதனைச் சொல்லியிருந்தால், பல மாதத்து வயிற்றுநோவு எமக்கு இல்லாதிருந்திருக்கும். மூன்றாவது இணைக்க: ஒரு நண்பனோடு, ஒரு வேலையோடு, வீட்டோடு. வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதச் செய்க. தொலைபேசியிலே தாயின் குரல் கேட்டவுடன் அடங்கியிருந்த அழுகை பொங்குவதுண்டு. கடிதம் எழுதும்போதோ மனம் தானே ஒழுங்குபடும். சோறு பரிமாறல், பந்து எடுத்து வைத்தல், சிறியவரைக் கைபிடித்து நடத்தல் என்று பிறர்க்கு உதவும் வேலை கொடுத்தால், தன்னையே நினைந்து நோகும் மனம் வெளியே வரும்.

செய்யத் தகாதன மூன்று. நாணச் செய்யற்க. பொய் வாக்குக் கொடுக்கற்க. ‘நாளைக் காலை உணவின்பின் உன்னோடு பேசுவேன்’ என்று இயன்றதை மாத்திரம் சொல்லி, அதனைத் தவறாமற் செய்க. ஓயாத ஆட்டத்தினால் ஏக்கத்தை அமுக்கிவிடலாமென்று எண்ணற்க. ஆட்டம் முடிந்தவுடன் அது அங்கேயே காத்து நிற்கும்.

6. போட்டியைக் குறித்து

முகாமிலே அணிகளாகப் பிரித்துப் போட்டி நடத்துவது எங்கும் வழக்கம். அதனால் விளையக்கூடிய தீங்கை அறிதற்கு 1954 ஆம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்திலே றொபர்ஸ் கேவ் என்னுமிடத்தில் நடந்த பரீட்சை ஒன்றுண்டு. முசாபர் செரிப் என்னும் சமூக உளநூலார் பதினொரு வயதளவினராகிய 22 சிறுவரை இரண்டு கூட்டமாக்கி ஒரு முகாமிலே வைத்தார். தாம் ஆராயப்படுவதை அச்சிறுவர் அறியார். பரிசு வைத்துப் போட்டி தொடங்கிய சில நாளிலேயே, முன்பின் பகையில்லாத அவர்கள் ஒருவரையொருவர் ஏசினர், கொடியை எரித்தனர், மற்றவர் தங்குமிடத்திற் புகுந்து குழப்பினர். பின்பு இரு கூட்டத்தாரையும் ஓரிடத்திற் சேர்த்து விருந்தளித்தும் பகை தணியவில்லை. தண்ணீர் வரும் வழி தடைப்பட்டதாகவும், உணவு கொணரும் லொறி ஓடாததாகவும் நிலைமைகளை உண்டாக்கி, இரு கூட்டமும் சேர்ந்து முயன்றாலன்றி முடியாத வேலைகள் பல கொடுத்த பின்பே பகை படிப்படியாகத் தணிந்தது.

பிள்ளைகள் அறியாமல் அவர்களைப் பகைக்க வைத்த அப்பரீட்சை தகுமோ என்று இன்றும் பலர் குறைகூறுவர். யாமும் அதனை மெச்சவில்லை. ஆயினும் அதிலிருந்து கற்பது நமக்கு வேண்டும். போட்டியிலே தோற்கும் அணியில், ஏற்கெனவே ஏங்கியிருக்கும் பிள்ளையே ‘உன்னாலேதான் தோற்றோம்’ என்னும் வசைக்கு இலக்காகும். ஆதலின் அணிகளை நாடோறும் மாற்றுக. புள்ளிப் பலகையைச் சிறிதாக்குக. கிணற்றடியைத் துப்புரவாக்கல், எல்லார்க்கும் சமைத்தல், கூத்தொன்று ஆடல் போன்று எல்லாரும் கூடினாலன்றி நிறைவேறாத வேலை நாளுக்கு ஒன்றாயினும் வைக்க.

7. ஆசிரியரின் எல்லை

மேற்கூறியன எல்லாம் இயல்பான ஏக்கத்திற்கு உரியன. அதற்கு அப்பாற்பட்டனவும் உள. உலகத்திலே 10 முதல் 19 வயதுவரையுள்ளோருள் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு ஏதேனும் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நாற்பது பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் ஆசிரியர், அவர்களுள் அத்தகையோர் சிலர் இருப்பரென்று கருதியே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். பெற்றோரிடம் முன்னரே தனித்துக் கேட்டறிக. உண்ணும் மருந்து உண்டாயின் எழுதி வாங்குக. முகாம் என்பதற்காக அம்மருந்தை நிறுத்தற்க.

இரண்டு நாள் ஆகியும் உண்ணாமலும் உறங்காமலும் இருத்தல், நடுக்கமும் மூச்சுத்திணறலும் அடிக்கடி வருதல், தன்னைத்தானே வெட்டியோ சுட்டோ காயப்படுத்தல், ‘நான் இருந்தென்ன, போயென்ன’ என்று பேசுதல் என்பன கண்டால், ஆசிரியர் தாமே மாற்ற முயலாது, பெற்றோருக்கு அறிவித்து வைத்தியரிடம் சேர்த்தல் வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டோ என்று அமைதியாகக் கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளையாது. கேளாது விடுவதே அபாயம். அப்பிள்ளையைத் தனியே விடற்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலே ஆலோசனை பெறலாம்.

வீட்டைவிட்டு வந்த பிள்ளை, வீட்டிலே சொல்ல இயலாத துன்பத்தை முகாமிலே சொல்லுவதுண்டு. ஒருவர் தன்னைத் தகாத முறையில் தொட்டார், அடித்தார் என்று பிள்ளை சொன்னால், நம்பிக் கேட்க, துருவித்துருவி விசாரிக்கற்க, ‘ஒருவருக்கும் சொல்லேன்’ என்று வாக்குக் கொடுக்கற்க. ‘உன்னைக் காக்க வேண்டியவர்களுக்கு மாத்திரம் சொல்லுவேன்’ என்க. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கம் இதற்கென்றே உள்ளது. முகாமின் மானம், பாடசாலையின் பெயர் என்று எண்ணி மறைப்பவர், அத்தீங்கிற் பங்காளியாவர். பிள்ளையோடு தனித்துப் பேசும்போதும் பிறர் காணக்கூடிய இடத்திலிருந்தே பேசுக. இது பிள்ளைக்கும் காவல், ஆசிரியருக்கும் காவல்.

பிள்ளையைத் திருப்பி அனுப்புவது தோல்வியோ என்று சிலர் வினவுவர். முறைப்படி முயன்ற பின்பும் பிள்ளை கடுமையாக வருந்துமாயின் அனுப்புவதே நன்று. அனுப்பும்போது, ‘நீ இரண்டு இரவு தாங்கினாய், அடுத்த முறை மூன்று’ என்று சொல்லி அனுப்புக. பெற்றோர்க்கும் அவ்வாறே சொல்லுக.

8. முடிவுரை

முகாம் முடிந்து ஒரு வாரத்தின் பின் பிள்ளைகளைக் கூட்டி, எது இன்பம், எது துன்பம் என்று எழுதச் செய்க. அவ்வெழுத்துக்களே அடுத்த ஆண்டு முகாமுக்கு நமக்குப் பாடநூல்.

அன்று தெருவோரம் நடந்த அம்மாணாக்கன், மறு ஆண்டும் முகாமுக்கு வந்தான் என்று எழுத எமக்கு ஆசை. அவன் வரவில்லை, அதன் பின்னரும் வரவில்லை. வகுப்பிலே எம்மோடு மரியாதையாகவே பேசினான்; ஆயினும் யாம் சொல்லிய எதனையும் ஒருமுறை மற்றொருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டே நம்புவான். அதனை யாம் பலமுறை கண்டோம். ஓரிரவில் எளிதாகச் சொல்லிய ஒரு வார்த்தைக்கு யாம் கொடுத்த விலை அது. எம்போலும் ஆசிரியர் பிறர் அவ்விலை கொடாதிருத்தற்பொருட்டு இதனை எழுதினோம்.

ஆசிரியர் கூட்டத்திற் சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. நமது சென்ற முகாமில் இரவு பத்து மணிக்குப் பின் விழித்திருந்த ஆசிரியர் எவர்? அதனைப் பிள்ளைகள் அறிந்திருந்தனரோ?

2. பகலில் நன்றாக விளையாடி, உணவு வேளையில் ஒதுங்கும் பிள்ளையை எங்ஙனம் அணுகுவீர்? முதலிற் சொல்லும் வாக்கியத்தை எழுதுக.

3. “அழுதால் உடனே அனுப்பிவிடுங்கள்” என்று ஒரு தாய் கேட்கின்றாள். அவளுக்கு யாது மறுமொழி கூறுவீர்?

4. நமது முகாமிலே போட்டியின்றி எல்லாரும் கூடிச் செய்யும் வேலைகள் எவை? இன்னும் இரண்டு கூட்டுக.

5. சென்ற முகாமிற் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த வாக்குக்கள் எவை? அவற்றுள் நிறைவேறாதது யாது?